கடன் வாங்கிய முகவரி

ஒரு பைட்டுக்குரிய எட்டுப் பிட்டுகளும், முன்னே தொடக்கத்தை அறிவிக்கும் பிட் ஒன்றும் பின்னே முடிவை அறிவிக்கும் பிட் ஒன்றும் துணைவர, ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை பிறழாமல் செல்வதுதான் சீரியல் இணைப்பு என்னும் சாதனத்தின் முழு சாஸ்திரமும். 1960இல் ஆர்.எஸ்.-232 என்ற பெயரில் அதற்கு விதிகள் வகுத்தவர்களின் சிந்தையில் இருந்தவை டெலிபிரிண்டர்களும் அவற்றைத் தொலைபேசிக் கம்பியோடு பிணைக்கிற மோடங்களுமே; சித்திரத்தையும் எழுத்தையும் ஒரே பக்கத்தில் கலந்து காட்டும் இணைய உலாவி என்ற ஒன்றை அந்நாளில் அவர்கள் கற்பனை செய்திருக்கக் காரணமே இல்லை. ஆயினும் 1993ஆம் ஆண்டு தொடங்கி மூன்று நான்கு ஆண்டுகள், வெவ்வேறு ஊர்களில் இருந்த நிரலாளர் பலர், அந்தப் பழைய சாதனத்தின் வழியே அந்தப் புதிய உலாவியை எப்படியாவது இயங்கச் செய்துவிட வேண்டும் என்ற ஒரே காரியத்தில் முனைந்திருந்தார்கள். அந்தப் பிரயத்தனத்தின் சரித்திரம் பெரும்பாலும் வேகத்தின் சரித்திரமாகவே சொல்லப்பட்டு வருகிறது: மோடம் மந்தமாக இருந்தது, படம் மேலிருந்து கீழாக மெள்ள மெள்ள இறங்கியது, பிறகு கம்பியின் கொள்ளளவு பெருகிற்று, கஷ்டம் தீர்ந்தது என்று. எனக்கு அது விஷயத்தின் வெளித்தோற்றம் என்றே படுகிறது. அவர்கள் மோதிக்கொண்ட முதல் சுவர் அந்தஸ்துக் குறைவினால் எழுந்தது. வேகக் குறைவு அதற்கு அப்புறம் வந்த சங்கடம். அந்தச் சுவரை அவர்கள் தாண்டிய விதமோ, அவர்களே எதிர்பாராத வகையில், நம் எல்லோருடைய இணைய வாழ்க்கைக்கும் இலக்கணமாகிவிட்டது.

விசித்திரம் என்னவென்றால், வலையின் பிறப்பில் சீரியல் கம்பிக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. ஜெனிவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1990இன் இறுதியில் எழுதிய முதல் உலாவி, நெக்ஸ்ட் என்ற விலையுயர்ந்த கம்ப்யூட்டரில் மட்டுமே ஓடக்கூடியதாக இருந்தது. படிப்பதற்கு மட்டுமன்றி, பக்கத்தைத் திருத்தி எழுதுவதற்கும் அதுவே கருவியாக இருந்தது என்பதை இங்கே குறித்துவைத்துக்கொள்ளலாம். அந்தக் கம்ப்யூட்டர் வெகு சிலரிடமே இருந்தபடியால், அங்கே பயிற்சிக்கு வந்திருந்த நிக்கோலா பெல்லோ என்ற கணித மாணவி, எந்த டெர்மினலிலும் இயங்கக்கூடிய வரிமுறை உலாவி ஒன்றை எழுத, அது 1991இல் வெளியாயிற்று. திரையில் இடக்குறியை மேலும் கீழும் நகர்த்துகிற ஆற்றலைக்கூட அது டெர்மினலிடம் கேட்கவில்லை; எழுத்தை வரிவரியாக அனுப்பி, இணைப்புள்ள சொற்களின் பக்கத்தில் எண் இட்டு, வாசகர் எண்ணைத் தட்டினால் அதற்குரிய பக்கத்தைக் கொண்டுவந்து கொடுத்தது. காகிதத்தில் அச்சிடும் டெலிபிரிண்டருக்குக்கூட அது ஏற்றதே. 1992இல் அமெரிக்காவின் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் வளாகச் செய்திகளுக்காகத் தோன்றி, மறு ஆண்டில் வலையோடு வந்து சேர்ந்த லிங்ஸ் உலாவியும், திரையை முழுமையாகப் பயன்படுத்தியது என்ற சிறப்பைத் தவிர, இதே வம்சத்தைச் சேர்ந்ததுதான்.

ஆனால் இவ்வகை உலாவிகள் உண்மையில் எங்கே ஓடின என்று விசாரித்தால்தான் விஷயம் விளங்கும். வீட்டில் இருப்பவர் மோடம் வழியாக ஒரு யூனிக்ஸ் கம்ப்யூட்டரைக் கூப்பிட்டு, பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே நுழைகிறார். ஷெல் அக்கவுண்ட் என்ற பாத்தியதை அவருக்கு அங்கே இருக்கிறது. லிங்ஸ் ஓடுவது அந்தத் தொலைதூரக் கம்ப்யூட்டரில். இணையத்தோடு பேசுவதும், பக்கத்தை வாங்கிப் பிரித்துப் படிப்பதும், இன்ன வரி இன்ன இடத்தில் என்று தீர்மானிப்பதும் அதுவே. இவருடைய மேஜைமேல் இருக்கும் கம்ப்யூட்டர் எவ்வளவு சக்தி படைத்ததாயினும், அந்த நேரத்தில் விசைகளை அனுப்பி எழுத்துகளை வாங்கிக் காட்டும் ஊமைத் திரையாகவே நடிக்கிறது. இணையத்தைப் பொறுத்தவரை அந்த மேஜைக் கம்ப்யூட்டர் என்ற வஸ்து உலகத்தில் இல்லவே இல்லை.

1993 ஏப்ரலில், இல்லினாய் பல்கலைக்கழகத்தின் என்.சி.எஸ்.ஏ. மையத்தில் மார்க் ஆண்ட்ரீசனும் எரிக் பினாவும் ஆக்கிய மொசைக்கின் முதல் முழுப் பதிப்பு வெளிவந்து, அவ்வாண்டின் பிற்பகுதியில் விண்டோஸுக்கும் மெக்கின்டாஷுக்கும் உரிய பதிப்புகளும் தொடர்ந்தபோது, இந்த ஏற்பாடு செல்லாமற்போயிற்று. மொசைக் வாசகருடைய மேஜையிலேயே ஓட வேண்டிய நிரல். பக்கத்தின் எழுத்தைக் கேட்டு ஒரு இணைப்பு, அதிலுள்ள ஒவ்வொரு படத்துக்கும் வேறொரு இணைப்பு என்று அது தானே சர்வர்களை நாடிச் சென்று கேட்கும். கேட்பதற்கு அதன் கம்ப்யூட்டர் டி.சி.பி./ஐ.பி. என்ற பாஷையைப் பேச வேண்டும், பதில் வந்து சேர்வதற்கு அதற்கென்று ஒரு எண் முகவரி வேண்டும். அந்நாளைய விண்டோஸ் 3.1இல் அந்தப் பாஷையே சேர்த்துக் கொடுக்கப்படவில்லை. அதைத் தனியாக வாங்கிச் சேர்த்துவிடலாம். முகவரியை எங்கே வாங்குவது?

நேர்வழி ஒன்று முன்பே இருக்கத்தான் செய்தது. 1984 வாக்கில் ரிக் ஆடம்ஸ் என்பவர் பெர்க்லி யூனிக்ஸுக்கு எழுதி வெளியிட்ட ஸ்லிப் என்ற நெறிமுறை, 1988 ஜூனில் ஆர்.எஃப்.சி. 1055 என்ற ஆவணமாகப் பதிவாயிற்று. பாக்கெட் எனப்படும் தரவுத் துண்டு ஒவ்வொன்றின் முடிவிலும் 192 என்ற மதிப்புள்ள பைட்டை வைக்க வேண்டும்; தரவுக்குள்ளேயே 192 வந்துவிட்டால் அதற்குப் பதிலாக 219, 220 என்ற இரண்டையும், 219 வந்துவிட்டால் 219, 221 என்ற இரண்டையும் அனுப்ப வேண்டும்; அதன் விதிகள் ஏறக்குறைய இவ்வளவே. அந்த ஆவணம் தான் ஒரு தரநிலை அல்ல என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டு, முகவரியைத் தெரிவிக்க என்னிடம் வழியில்லை, பிழையைக் கண்டுபிடிக்க வழியில்லை, சுருக்கி அனுப்ப வழியில்லை என்று தன் குறைகளையும் வரிசையாக எடுத்துரைக்கிறது. தொழில்நுட்ப ஆவணங்களில் இத்தகைய அடக்கம் அபூர்வமானது. சுருக்கம் இல்லாத குறையை 1990 பிப்ரவரியில் வான் ஜேகப்சன் தீர்த்துவைத்தார். விசை ஒன்றைத் தட்டினால் அந்த ஒரு பைட்டைச் சுமக்க 40 பைட் தலைப்பு வேண்டியிருந்தது. அந்த 41 பைட்டுகளும் விநாடிக்கு 2,400 பிட் மோடத்தில் போய்ச் சேர 0.17 விநாடி ஆகும், தட்டிய எழுத்து திரும்பி வந்து திரையில் தோன்ற இன்னும் அவ்வளவு ஆகும். அடுத்தடுத்த பாக்கெட்டுகளின் தலைப்புகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதைக் கவனித்த அவர், மாறியதை மட்டும் அனுப்பினால் போதும் என்று காட்டி, 40 பைட்டை 3 பைட் அளவுக்குக் குறைத்தார். ஸ்லிப்புக்குப் பின் வந்த பி.பி.பி. நெறிமுறை மற்றக் குறைகளையும் நீக்கியது.

இவ்வளவும் சரியே, ஆனால் இந்த நேர்வழியில் செல்வதற்கு எதிர்முனையில் உள்ள நிர்வாகியின் அனுமதி வேண்டும். அவர் ஒரு முகவரியை ஒதுக்க வேண்டும். தம் யூனிக்ஸின் உட்கருவில் அந்தக் கம்பியை இணையத்தின் ஒரு கிளையாகப் பதிவு செய்ய வேண்டும். ஆகையால் அது அதிக விலையுள்ள தனிக் கணக்காகவே எங்கும் விற்கப்பட்டது. இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோதும் இதே இரு வகுப்புகள் தாம் வந்தன: படம் காட்டும் டி.சி.பி./ஐ.பி. கணக்கு ஒன்று, எழுத்து மட்டுமே வரும் ஷெல் கணக்கு மற்றொன்று; மாணவர்களுக்குக் கட்டுப்படியான கணக்கு இரண்டாம் வகுப்பைச் சேர்ந்தது. கம்பி ஒன்றே, மோடம் ஒன்றே, விநாடிக்கு வரும் பிட்டுகளும் ஒன்றே. வேற்றுமை, ஒருவர் இணையத்தின் பிரஜையாகவும் மற்றவர் பிரஜை ஒருவரின் விருந்தாளியாகவும் கணக்கில் எழுதப்பட்டிருந்தது மட்டுமே.

இந்த விருந்தாளிகளுக்காக வகுக்கப்பட்ட உபாயங்கள் மூன்று வகைப்பட்டவை. முதலாவது, விருந்தாளி நிலையை மறுக்காமல் ஏற்றுக்கொண்டு அதற்குள்ளேயே காரியத்தை முடித்துக்கொள்வது. பீட்டர் புரூக்ஸ் என்பவர் 1994இல் வெளியிட்ட ஸ்லிப்நாட் என்ற விண்டோஸ் உலாவி அவ்வாறு செய்தது. அதற்கு முகவரியும் வேண்டாம், டி.சி.பி./ஐ.பி.யும் வேண்டாம். வாசகர் ஒரு இணைப்பைச் சொடுக்கினால், அவர் கையாலேயே தட்டியது போன்ற கட்டளையை அது யூனிக்ஸ் ஷெல்லுக்கு அனுப்பி, அங்கிருக்கும் லிங்ஸைக் கொண்டு அந்தப் பக்கத்தின் மூலத்தை ஒரு கோப்பாக எடுத்துவைக்கச் சொல்லும். பிறகு கோப்புகளை மோடம் வழியே இறக்குவதற்கு வெகுகாலமாக வழக்கிலிருந்த முறையில் அதை வீட்டுக்குக் கொண்டுவரும். படங்களையும் அப்படியே ஒவ்வொன்றாக வரவழைத்து, எல்லாவற்றையும் மேஜைக் கம்ப்யூட்டரில் ஒருங்கே அடுக்கிக் காட்டும். இணையத்தில் கால் வைக்காமலே இணையத்தைப் பார்த்துவிடுகிற இந்தச் சாமர்த்தியத்தில் ஒரு நேர்மையும் இருந்தது: இல்லாத அந்தஸ்தை அது பாவனை செய்யவில்லை.

இரண்டாவது உபாயம், பெர்த் நகரத்து மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஓரெய்லி எழுதிய டெர்ம் என்ற நிரல். கம்பியின் இரு முனைகளிலும் அது ஓடி, ஒரே சீரியல் இணைப்பைப் பல தடங்களாகப் பிரித்துக் கொடுத்தது. நிர்வாகியின் தயவு அதற்கு வேண்டியதில்லை. ஆனால் உலாவி முதலிய நிரல்களை அதற்கென்று திருத்தி மறுபடி தொகுக்க வேண்டியிருந்தது. மொசைக்கும் அவ்வாறே பக்குவப்படுத்தப்பட்டது. இந்த வேலையில் இறங்கியவர்களுக்குக் கம்பியின் சுபாவத்தைப் பற்றி நுணுக்கமான ஞானம் ஒன்று சித்தித்தது. கம்பி தான் பெற்றதை எல்லாம் அப்படியே கொடுத்துவிடுவதில்லை: 17, 19 என்ற மதிப்புள்ள பைட்டுகளை ‘அனுப்பு’, ‘நிறுத்து’ என்னும் ஆணைகளாகக் கருதி இடைவழியில் உள்ள கருவிகள் விழுங்கிவிடும், டெர்மினல் சர்வர் தனக்கென்று வைத்துக்கொண்ட தப்பிக்கும் குறியை விழுங்கும், சில கம்பிகள் எட்டாவது பிட்டையே தறித்துவிடும். எந்தெந்த பைட் பிழைத்து வருகிறது என்று ஒவ்வொன்றாக அனுப்பிப் பார்த்துச் சொல்வதற்காகவே டெர்மோடு ஒரு துணை நிரல் சேர்த்துக் கொடுக்கப்பட்டிருந்தது.

அந்த எட்டாவது பிட்டின் மதிப்பு தமிழர்களுக்குத் தெரியும். அக்காலத்துத் தமிழ் எழுத்துருக்களில் சில, ஆங்கில எழுத்துகளைக் கீழ்ப்பாதியில் விட்டுவிட்டு, 128க்கு மேற்பட்ட இடங்களில் தமிழை வைத்தவை. எட்டாவது பிட் போய்விட்டால் அவற்றில் எழுதிய தமிழ் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகக் குலைந்துவிடும். பிட் பிழைத்து வந்தாலும், தமிழ் எழுத்துரு இல்லாத ஷெல் திரையில் அதனால் பயனில்லை. ஆகையால் ஷெல் கணக்கோடு நின்றுவிட்டவர்கள் தமிழை ரோமன் லிபியில்தான் எழுதிப் படித்துக்கொள்ள முடிந்தது. மேஜையில் ஓடுகிற சித்திர உலாவியை மற்றவர்கள் அழகுக்காக வேண்டியிருக்கலாம். தமிழில் வாசிக்க விரும்பியவருக்கு அது எழுத்துக்கே ஆதாரமான அவசியமாக இருந்தது.

மூன்றாவது உபாயமே நான் சொல்ல வந்த விஷயத்தின் மையம். அமெரிக்காவில் 1994இல் டி.ஐ.ஏ. என்ற பெயரில் விலைக்கு வந்ததும், கான்பெர்ராவில் மாணவராயிருந்த டேனி காஸ்பரோவ்ஸ்கி 1995இல் ஸ்லர்ப் என்ற பெயரில் இலவசமாக எழுதிக் கொடுத்ததும் இந்த இனத்தைச் சேர்ந்தவை. ஷெல்லுக்குள் நுழைந்து ‘ஸ்லர்ப்’ என்று தட்டினால், அதுவரை எழுத்துகளைக் கொண்டுவந்த கம்பியில் புரியாத குறிகள் சில தோன்றும்; அந்தக் கணத்திலிருந்து வீட்டுக் கம்ப்யூட்டரை மெய்யான ஸ்லிப் இணைப்பு கிடைத்துவிட்டதாக நம்பச் செய்து, அந்த நிரல் மறுமுனையில் அமர்ந்துகொள்ளும். உலாவியைத் திருத்த வேண்டாம். மொசைக் பெட்டியில் இருந்தபடியே ஓடும். அது அனுப்புகிற பாக்கெட் ஒவ்வொன்றையும் ஸ்லர்ப் பிரித்துப் பார்த்து, இன்ன சர்வரிடம் இன்னது கேட்கப்படுகிறது என்று அறிந்து, சாதாரணப் பயனர் ஒருவருக்குள்ள உரிமையைக் கொண்டே அந்த சர்வருக்குத் தன் பெயரில் ஒரு இணைப்பைத் திறந்து, வந்த பதிலை மறுபடியும் பாக்கெட்டாகக் கட்டி வீட்டுக்கு அனுப்பும். வீட்டுக் கம்ப்யூட்டர் தனக்கென்று 10.0.2.15 என்ற முகவரியை வைத்துக்கொள்ளலாம். அது அந்தக் கம்பிக்குள் மட்டும் செல்லுபடியாகிற முகவரி, வெளியே அதற்குப் பொருள் கிடையாது. வாடகைக்குக் குடியிருப்பவர் தமக்கு வரும் கடிதங்களுக்கு வீட்டுக்காரர் பெயரை எழுதி ‘மே/பா’ என்று போட்டு வாங்கிக்கொள்வது போன்ற ஏற்பாடு இது. ஒரே ஒரு வித்தியாசம், இங்கே ‘மே/பா’ என்ற குறிப்புகூட உறையின் மேல் இராது, கடிதம் எழுதுபவர் வீட்டுக்காரருக்கே எழுதுவதாக நினைத்துக்கொண்டிருப்பார். நிர்வாகிகள் சிலர் இதை விரும்பாமல் தடை செய்ததில் ஆச்சரியம் இல்லை; விலைப் பட்டியலில் இருந்த இரண்டு வகுப்புகளையும் மாணவர் ஒருவர் எழுதிய நிரல் ஒரே வகுப்பாக ஆக்கிவிட்டதல்லவா?

இந்த உபாயங்களை ஆக்கியவர்களுள் பலரின் ஊர்களைப் பார்த்தால் ஒரு செய்தி புலனாகிறது. டெர்ம் பெர்த்தில் பிறந்தது, ஸ்லர்ப் கான்பெர்ராவில், விண்டோஸுக்கு டி.சி.பி./ஐ.பி.யைக் கற்பித்து உலகெங்கும் பரவிய டிரம்பெட் வின்சாக், பீட்டர் டாட்டம் என்பவரால் டாஸ்மேனியாவில். ஷெல் கணக்கின்மேல் வின்சாக்கை ஓட்டிக் காட்டிய ட்வின்சாக், டிராய் ரோலோ என்பவரால் சிட்னியில். ஒரே கண்டத்தின் நான்கு இடங்கள். வலையின் சர்வர்கள் மிகுந்திருந்த அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் மாகடல்களுக்கு அப்பால், 1989இல்தான் ஹவாய் வழியாக இணையத்தோடு நிலையாக இணைக்கப்பட்ட கண்டம். மையத்தில் இருப்பவனுக்கு முகவரி தானாக வாய்த்துவிடுகிறபடியால் அது இல்லாமல் வாழ்வது எப்படி என்று யோசிக்கும் கட்டாயம் அவனுக்கு நேர்வதில்லை. அந்த யோசனை ஓரத்தில் இருப்பவனுடைய வித்தை. இதை நிரூபிக்கப்பட்ட சித்தாந்தமாக நான் சொல்லவில்லை. நான்கு இடங்களும் சேர்ந்து என் மனத்தில் எழுப்புகிற எண்ணமாகவே சொல்கிறேன்.

வேகத்தின் பிரச்சினையை உலாவிகளே பிற்பாடு ஒருவாறு சமாளித்துக்கொண்டன. விநாடிக்கு 14,400 பிட் என்ற மோடத்தில், தொடக்கத்துக்கும் முடிவுக்குமான பிட்டுகள் போக, 1,440 பைட்டுகள் வரும். 30,000 பைட் அளவுள்ள ஒரு படத்துக்கு 20 விநாடிக்கு மேல் ஆகும். 1994 அக்டோபரில் வெளிவந்த நெட்ஸ்கேப், படங்களுக்காகக் காத்திராமல் எழுத்தை முதலில் காட்டிவிட்டு, ஒரே சமயத்தில் பல இணைப்புகளைத் திறந்து படங்களைப் பின்னால் நிரப்பிற்று. 14,400 மோடத்துக்கென்றே செம்மைப்படுத்தப்பட்டது என்பதை அதன் வெளியீட்டு அறிக்கையே பெருமையாகச் சொன்னது. மோடங்களும் வேகம் பெற்றன. பிறகு மோடங்களே மறைந்தன. வேகத்தின் கதை இத்துடன் முடிகிறது.

அந்தஸ்தின் கதை முடியவில்லை. டி.ஐ.ஏ. விலைக்கு வந்த அதே 1994ஆம் ஆண்டின் மே மாதத்தில், எகவாங், பிரான்சிஸ் என்ற இருவர் முகவரிப் பெயர்ப்பு என்ற யோசனையை ஆர்.எஃப்.சி. 1631 என்ற ஆவணமாக வெளியிட்டார்கள். இணைய முகவரி 32 பிட் கொண்டது. 429 கோடிக்குச் சற்று மேற்பட்ட முகவரிகளே அதில் அடங்கும். அவை தீர்ந்துபோகும் என்ற அச்சம் அப்போதே எழுந்திருந்தது. உள்ளே செல்லுபடியாகும் முகவரிகளைப் பல கம்ப்யூட்டர்களுக்குக் கொடுத்துவிட்டு, வெளியே சில முகவரிகளை மட்டும் காட்டலாம் என்பது அவர்கள் சொன்ன வழி. அதைக் குறுகிய காலத்துக்குரிய பரிகாரம் என்றே அவர்கள் அறிமுகம் செய்தார்கள். இன்று வீடுகளில் மின்னிக்கொண்டிருக்கும் வைஃபை பெட்டி செய்வது அந்தப் பரிகாரத்தின் முதிர்ந்த வடிவத்தைத்தான். ஷெல் கணக்குக்காரருக்கு ஸ்லர்ப் செய்த சேவையும் சாரத்தில் அதுவே. ஸ்லர்ப்பும் இறந்துவிடவில்லை: ஒரு கம்ப்யூட்டருக்குள் மற்றொரு கம்ப்யூட்டரைப் பாவனையாக இயக்கும் கியூ-எமு என்ற நிரலுக்குள் அதன் வழித்தோன்றல் இன்றும் இயங்குகிறது, உள்ளே பிறக்கும் பாவனைக் கம்ப்யூட்டருக்கு வழக்கமாகக் கிடைக்கும் முகவரி 10.0.2.15தான்.

இதில் நாம் அடைந்தது எவ்வளவு, இழந்தது எவ்வளவு என்று எண்ணிப் பார்ப்பது கடமை. அடைந்தது கண்கூடு: முகவரி இல்லாத கோடானுகோடிப் பேருக்குப் பார்வை கிடைத்தது, எவருடைய அனுமதிக்கும் காத்திராமல் கிடைத்தது, அதைச் சாதித்துக் காட்டியவர்கள் நன்றிக்குரியவர்கள். இழந்ததை அறிய, பெர்னர்ஸ்-லீயின் முதல் உலாவி எழுதவும் வல்லதாயிருந்தது என்று முன்னே குறித்ததை நினைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் கேட்கவும் கேட்கப்படவும் கூடிய சமநிலையில் இருக்கும் என்பது இணையத்தின் ஆதிச் சங்கற்பம். கடன் வாங்கிய முகவரியில் இருப்பவரோ எவரையும் கூப்பிடலாம். அவரை எவரும் கூப்பிட முடியாது, அல்லது அதற்கென்று தனியே ஏற்பாடு செய்தால்தான் முடியும். தம்முடைய பக்கத்தைத் தம்முடைய மேஜையிலிருந்தே உலகுக்குக் காட்ட விரும்பினாலும், முகவரி உடைய பிறரொருவரின் கம்ப்யூட்டரில் கொண்டுபோய் வைத்தாக வேண்டும். வைத்தால் அவருடைய நிபந்தனைகளுக்கு உட்பட்டாக வேண்டும். இன்று சில பெரிய நிறுவனங்களின் கூரையின்கீழ் நாம் எல்லோரும் எழுதிக்கொண்டும் படம் காட்டிக்கொண்டும் இருப்பதற்கு வேறு காரணங்கள் பல உண்டு என்றாலும், அந்தக் கூரைகள் எழுவதற்கு மனையைச் சமன் செய்து கொடுத்தவற்றுள் இதுவும் ஒன்று என்பதை மறுக்க இயலாது.

ஸ்லர்ப் வெளிவந்த அதே 1995ஆம் ஆண்டின் டிசம்பரில், 128 பிட் முகவரிகளைக் கொண்ட ஆறாம் பதிப்பு இணைய நெறிமுறையின் முதல் வரையறை ஆவணமும் வெளியாயிற்று. அதன்படி உலகத்தில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் சொந்த முகவரி கொடுத்தாலும் மிச்சம் எண்ணில் அடங்காது. அது மெதுவாக நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கிறது. இந்தியாவில் கைபேசிகளிலேயே மிகப் பலவற்றுக்கு அத்தகைய முகவரி கிடைத்துவிட்டது. ஆயினும் அந்தக் கைபேசிகளை வெளியிலிருந்து நேராகக் கூப்பிடுகிறவர் எவரும் இல்லை. அப்படிக் கூப்பிடலாம் என்ற எண்ணமே நம்மிடையே அருகிவிட்டது. இல்லாமையால் கைக்கொண்ட பழக்கம் இல்லாமை தீர்ந்த பின்னும் தொடர்கிறது; அதைத் தவறு என்று உணரவும் நமக்கு அவகாசம் இல்லை. சீரியல் கம்பியோடு போராடியவர்கள் தாம் விருந்தாளிகள் என்பதைத் தெளிவாக அறிந்திருந்தார்கள். அறிந்திருந்ததனால்தான் அதைத் தாண்டுவதற்கு உபாயம் தேடினார்கள். நமக்கு அவர்களுடைய உபாயம் வந்து சேர்ந்திருக்கிறது. அவர்களுடைய அறிவு வந்து சேரவில்லை.